மரியாதையுடன் எதிர்த்தார்

எங்கள் கிளென்டாரா பள்ளத்தாக்கில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். ஆட்காட்டி விரல் மட்டும். கை எழாது, தலை அசையாது, முகம்கூட மாறாது. தெரிந்தவர், தெரியாதவர், வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பக்கத்துப் பண்ணைக்காரர் என்ற பேதம் கிடையாது. நியூசிலாந்தின் தென்கோடியில் நெடுந்தூரம் ஓட்டினால்தான் எதிரே ஒரு வண்டி வரும். அப்படிப்பட்ட சாலையில், நானும் இருக்கிறேன் என்று சொல்ல அதற்கு மேல் எதுவும் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

நெவில் காக்ரென் இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட ஒழுங்கானவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். மனைவி ஜாய்ஸ் இறந்த பிறகு, மகன் ஆஸ்திரேலியாவின் சுரங்கங்களுக்குப் போன பிறகு, அந்தப் பேருந்துதான் அவருக்குக் குடும்பம். இரவில் அது அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். காலையில் பண்ணை வாசல்களில் நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார், மாலையில் கொண்டுவந்து விடுவார். இரண்டு வேளையும் அவர் முதுகுக்குப் பின்னால் சண்டை, பாட்டு, அழுகை, விடுகதை. மிச்ச நேரத்தில் அவர் வீட்டில் சத்தம் போடுவது கெட்டில் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை அவர் தன் பழைய பிக்கப் வண்டியில் ஷெரிலின் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் சீஸ் ரோல் சூடாகக் கிடைக்கும். எதிரே போலீஸ் கார் வந்தது. உள்ளே புது கான்ஸ்டபிள். ஆக்லாந்திலிருந்து வந்து அந்த வாரம்தான் பொறுப்பேற்றிருந்தார். நெவில் விரலைத் தூக்கினார்.

ஆக்லாந்தில் காரோட்டிகள் போலீசைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினால் அது வேறு விஷயம், வேறு விரல். கான்ஸ்டபிள் ஜேடன் ப்ரூக் எந்த விரல் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. காரைத் திருப்பினார். நீல விளக்கு எரிந்தது.

நெவில் ஓரமாக நிறுத்தினார். புதிதாக வந்த பையன், அறிமுகம் செய்துகொள்ளத்தான் நிறுத்துகிறான் என்று நினைத்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. கண்ணாடியை இறக்கி, கைகுலுக்குவதற்காக வலது கையை வெளியே நீட்டினார்.

"கைய உள்ள வைங்க சார்!" ஜேடனின் குரல் உடைந்து கீச்சென்றது.

நெவில் கையை உள்ளே இழுத்தார்.

"கை எனக்குத் தெரியணும் சார்!"

நெவில் கையை மறுபடி நீட்டினார்.

"வெளிய வாங்க சார்! இப்பவே!"

நெவில் கதவின் கைப்பிடியைத் தேடுவதற்குள் ஜேடன் கதவைத் திறந்து, நீட்டியிருந்த கையைப் பிடித்து இழுத்தார். நெவில் வரவில்லை. வர விரும்பினார். ஆனால் சட்டத்தை மதிக்கிற மனிதர் என்பதால் சீட் பெல்ட் போட்டிருந்தார்.

"எதிர்க்காதீங்க சார்!"

"பெல்ட்டுப்பா! பெல்ட்டு!"

"எதிர்க்காதீங்கன்னு சொல்றேன்ல!"

தோளில் ஏதோ ஈரத்துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு மேய்ந்தன.

தோள்மூட்டை மருத்துவமனையில் சரியான இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு நரம்பு சேதமாகியிருந்தது. வலது கை விரல்கள் சொன்னதைக் கேட்டன, கொஞ்சம் தாமதமாக. போலீஸ் வழக்குப் போடவில்லை, பெருந்தன்மையாக எச்சரித்து விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நெவில் பெயருக்கு எதிரே மட்டும் ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்துவிட்டார்கள்: எதிர்த்தார்.

பிள்ளைகளை ஏற்றிச் செல்கிற ஓட்டுநரின் பெயருக்கு எதிரே அந்தச் சொல் இருக்கக் கூடாது. உரிம அலுவலகம் அவருடைய பேருந்து உரிமத்தை நிறுத்தி வைத்தது. அந்தச் சொல்லைப் போலீஸ் எடுக்க வேண்டும், அல்லது சுதந்திர மேற்பார்வை ஆணையம் அது தவறு என்று சொல்ல வேண்டும். அதுவரை இன்வர்கார்கில் நகரத்திலிருந்து ஒரு மாற்று ஓட்டுநர் வந்து பேருந்தை எடுத்துக்கொண்டு போனார். கொட்டகையில் ஒரு எண்ணெய்க் கறை மிஞ்சியது. நெவில் அதைத் துடைக்கவில்லை.

வெலிங்டனில் இருக்கும் ஆணையத்துக்கு அவர் புகார் அனுப்பினார். கேட்டது ஒன்றே ஒன்று. நான் எதிர்க்கவில்லை, அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஆணையம் உடனே செயலில் இறங்கியது. போலீஸ் மீதான புகார்களைச் சுதந்திரமாக விசாரிப்பது அதன் கடமை. எல்லாவற்றையும் தானே விசாரிக்க அதற்கு ஆள் இல்லாததால், புகார்களைப் போலீசுக்கே அனுப்பி விசாரிக்கச் சொல்லிவிட்டு, அதை மேலிருந்து பார்த்துக்கொள்ளும். மேலிருந்து என்பது வெலிங்டனில் பதினோராவது மாடி.

ஆகவே ஒரு காலை சார்ஜென்ட் கிரேம் பாட்டர்சன் நெவில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஜேடனின் மேலதிகாரி. இளவயதில் நெவிலோடு ஒரே அணியில் ரக்பி ஆடியவர்.

"டேய் நெவ், நான் இன்னிக்கு சுதந்திரமா விசாரிக்க வந்திருக்கேன். டீ போடு."

நெவில் இடது கையால் டீ போட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது போலீஸ் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஜேடன் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பையனையே கூட்டிட்டு வந்திருக்கியே, கிரேம்."

"எனக்கு முட்டி வலிடா, ஓட்ட முடியல. ஸ்டேஷன்ல இருக்கறதே அவன் ஒருத்தன்தான். கவலப்படாத, உள்ள வராதேன்னு சொல்லிட்டேன். விசாரணையோட சுதந்திரம் கெட்டுடக் கூடாதுல்ல?"

"குளிர்ல உட்கார்ந்திருக்கான். ஒரு கப் டீ கொண்டுபோய் குடுக்கட்டுமா?"

சார்ஜென்ட் யோசித்தார். "புகார் குடுத்தவன் டீ குடுத்தா அது செல்வாக்கு ஆயிடும். நீ கேட்டுக்குப் பக்கத்துல அந்த தபால் பெட்டி மேல வச்சுட்டு வா. அவனா எடுத்துக்கிட்டா அது வேற கதை."

நெவில் ஒரு கோப்பையைத் தபால் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்தார். ஜேடன் அதைப் பார்த்தார். எடுக்கலாமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோப்பையிலிருந்து கொஞ்ச நேரம் ஆவி வந்தது, பிறகு நின்றுவிட்டது.

உள்ளே சார்ஜென்ட் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார். "சரி, சொல்லு. எதுக்கு எதிர்த்த?"

"எதிர்க்கல."

"அப்புறம் ஏன் வெளிய வரல?"

"பெல்ட் போட்டிருந்தேன்."

"அதத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு போட்டிருந்த?"

"போடணும்னு சட்டம் இருக்கே, கிரேம். போடலன்னா நீதான பிடிப்ப?"

சார்ஜென்ட் நீண்ட பெருமூச்சு விட்டார். "நீ சின்ன வயசுலயும் இப்படித்தான்டா. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்ப." பின்னர் அவர் ஆணையத்துக்கு அனுப்பிய சுதந்திர அறிக்கையில் புகார்தாரர் வாக்குவாதம் செய்யும் இயல்புடையவர் என்று இருந்தது. கான்ஸ்டபிளை விசாரித்ததாகவும் இருந்தது. திரும்பிப் போகும் வழியில் காரிலேயே விசாரித்துவிட்டார்.

இதற்கிடையில் ஆணையத்தில் நெவிலின் புகாரைக் கவனிக்க மெரியானா என்ற பெண்ணை நியமித்திருந்தார்கள். புகார் கொடுத்தவர்கள் தனித்து விடப்பட்டதாக உணரக் கூடாது என்பது ஆணையத்தின் கொள்கை. வெள்ளிக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். இதமான குரல்.

"எப்படி இருக்கீங்க நெவ்? தோள் எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா. புகார் எந்த மட்டுல இருக்கு?"

"அதப் பத்தி மட்டும் நான் பேசக் கூடாது நெவ். பேசினா நான் ஒரு பக்கம் சாஞ்சிடுவேன்னு வச்சிருக்காங்க. வேற எதப் பத்தி வேணா பேசலாம்."

வேறு எல்லாவற்றைப் பற்றியும் பேசினார்கள். தோட்டத்தில் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டுச் செடி எப்படி முளைக்கிறது, ஜாய்ஸ் அதை இஞ்சி போட்டு எப்படிச் சமைப்பாள், பேருந்தில் சின்னப் பெண் பிப்பா அவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எதிரே வருகிற வண்டிகளுக்கெல்லாம் தானும் விரல் தூக்கிக்கொண்டே வருவது, மகனிடம் பேச நேரம் கணக்குப் பார்த்தால் அவன் தூங்கிக்கொண்டிருப்பது. மெரியானா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தாள். இந்த உரையாடல் தரமேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்தில் ஒரு குரல் சொல்லும். தான் சொல்வதை யாரோ பத்திரப்படுத்தி வைக்கிறார்கள் என்பது நெவிலுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் முகச்சவரம் செய்துகொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். அவள் முகம் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும்.

ஒரு நாள் கேட்டார். "ஒரே ஒரு கேள்விம்மா. நான் எதிர்க்கலன்னு நீ நம்பறியா?"



"அதுக்குப் பதில் சொன்னா நான் சுதந்திரமா இருக்க முடியாது நெவ்," என்றாள். "ருபார்ப் எப்படி இருக்கு?"

அடுத்ததாக ஆணையம் சம்பவத்தை மறுபடி நடத்திப் பார்க்கத் தீர்மானித்தது. தலைநகரிலிருந்து ஒரு குழு இன்வர்கார்கிலுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் எங்கள் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. வழக்கம்போல எதிரே வந்த பால் லாரிக்காரர் விரலைத் தூக்கினார். டிராக்டரில் வந்த கிழவர் தூக்கினார். தேவாலயத்துக்குப் பூ கொண்டுபோன இரண்டு பெண்மணிகள் தூக்கினார்கள். காரில் இருந்த டாமினிக் என்ற இளம் சட்ட ஆலோசகர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தார்.

சம்பவ இடத்தில் எல்லோரும் கூடினார்கள். புகார்தாரர் சம்பந்தப்பட்டவர் என்பதால் அவர் வேடத்தை அவரே ஏற்க முடியாது, பாரபட்சம் வந்துவிடும் என்று டாமினிக் விளக்கினார். நெவிலாக டாமினிக்கே நடித்தார். ஜேடனுக்கு மன அழுத்தம் வரக் கூடாது என்பதற்காக, ஜேடனாக சார்ஜென்ட் நடித்தார். நெவிலை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அவர் ஆடுகளோடு நின்றுகொண்டு தன்னைப் பார்த்தார்.

டாமினிக் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஓடாததால் பெல்ட் போடவில்லை.

சார்ஜென்ட் மெதுவாக நடந்து வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "காலை வணக்கம் சார். கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்று கையைப் பிடித்தார்.

டாமினிக் வெளியே வந்தார். வெண்ணெயிலிருந்து உருவிய கத்தி மாதிரி வந்தார்.

"பெல்ட்டு போடலையே!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நெவில் கத்தினார்.

"தயவுசெஞ்சு நிகழ்வுல குறுக்கிடாதீங்க," என்றார் டாமினிக். பிறகு சார்ஜென்டிடம் திரும்பி, "ரொம்ப சுலபமா வந்துட்டேனே. வலியே இல்ல," என்றார் வியப்போடு.

ஆடுகளும் நெவிலும் அதைக் கேட்டார்கள்.

மறுநிகழ்வின் முடிவுகள் இரண்டு. ஒன்று, எதிர்க்காத ஒருவர் வாகனத்திலிருந்து எந்தக் காயமும் இல்லாமல் வெளியே வர முடியும் என்பது நிரூபணமாயிற்று. புகார்தாரருக்குக் காயம் ஏற்பட்டிருக்கிறது, ஆகவே என்று அடுத்த வாக்கியம் தொடங்கியது. இரண்டு, கிளென்டாரா பள்ளத்தாக்கில் அரசு அதிகாரிகள் மீது பரவலான, ஒருங்கிணைக்கப்பட்ட பகை நிலவுகிறது. ஆணையத்தின் வாகனத்தை நோக்கி வழிநெடுக சைகைகள் காட்டப்பட்டன. காட்டியவர்களில் கையில் பூச்செண்டு வைத்திருந்த பெண்களும் அடக்கம்.

பிறகு எங்கள் ஊர் மண்டபத்தில் பொதுக் கூட்டம் வைத்தார்கள். ஷெரில் சீஸ் ரோல்களும் லாமிங்டன் கேக்குகளும் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் தலைமுடியை வாரிக்கொண்டு வந்திருந்தோம். ஜேடன் கடைசி வரிசையில், இரண்டு பக்கமும் காலி நாற்காலிகளுக்கு நடுவே, தட்டில் ஒரு லாமிங்டனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைச் சாப்பிடவில்லை. சில மாதங்களில் அந்தப் பையன் இளைத்திருந்தான். மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் போலீஸ் குடியிருப்பில் தனியாக இருக்கிறான் என்றும், டீக்கடைக்கு வந்தால் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை என்றும் ஷெரில் ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

ஆணையத்தின் தலைவர் சர் ஹ்யூ வின்டர்போர்ன், ஓய்வுபெற்ற நீதிபதி, வெள்ளிப் புருவங்களோடு எழுந்தார்.

"நண்பர்களே, எங்கள சுதந்திரமானவங்கன்னு சொல்றாங்க. அந்த வார்த்தைய நாங்க லேசா எடுத்துக்கறதில்ல. புகார் குடுத்தவர்கிட்டேருந்து நாங்க முழுசா சுதந்திரமா இருக்கோம். அவர நான் சந்திச்சதே இல்ல. இந்த மண்டபத்துல எங்க உட்கார்ந்திருக்கார்னும் எனக்குத் தெரியாது. தயவுசெஞ்சு யாரும் காட்டிடாதீங்க."

முதல் வரிசையில், தலைவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த நெவில் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"போலீஸ்கிட்டேருந்தும் சுதந்திரம்தான். ஆனா அவங்க தர்ற தகவல வச்சு, அவங்க செய்யற விசாரணைய வச்சு வேலை பாக்கறப்ப, அந்த சுதந்திரத்த ஒரு நல்ல விருந்தாளி மாதிரி பயன்படுத்தணும். நல்ல விருந்தாளி அடுத்தவங்க வீட்டு அலமாரியத் திறந்து பாக்க மாட்டார். சிலர் கேக்கறாங்க, உங்களுக்குப் பல்லே இல்லையேன்னு. பல் இருந்தா கடிக்கணும்னு தோணும். கடிச்சா உறவு கெட்டுடும். உறவு கெட்டா, யார நாங்க மேற்பார்வை பாக்கறது? எனக்குப் பெருமை என்னன்னா, இந்த ஆணையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து எங்களால மனசு புண்பட்டுச்சுன்னு ஒரு போலீஸ்காரர்கூட சொன்னதில்ல."

அவரே கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். சார்ஜென்ட் தட்டினார்.

"பலப்பிரயோகத்தப் பொறுத்தவரைக்கும் மூணு விஷயம் பாக்கறோம். அவசியமா, அளவா, அப்புறம் நல்ல எண்ணத்துல செஞ்சாங்களா. முதல் ரெண்டும் இல்லன்னாலும் மூணாவது எப்பவும் இருக்கும். அதுதான் எங்க அனுபவம்."

ஷெரில் கையைத் தூக்கினாள். "ஐயா, அந்த மனுஷன பெல்ட்டு பிடிச்சிட்டிருந்துச்சு. அத யாரு விசாரிக்கறது?"

சர் ஹ்யூ பக்கத்தில் இருந்த டாமினிக்கிடம் குனிந்து கேட்டார். நிமிர்ந்தார். "பெல்ட் போக்குவரத்துத் துறைக்குக் கீழ வருதும்மா. அத நாங்க தொட்டா அவங்க சுதந்திரத்துல தலையிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப அந்த விரல் தூக்கறது எங்க ஊர் வழக்கங்கய்யா. வணக்கம் சொல்றோம்."

"அதுவும் எங்க கவனத்துக்கு வந்துச்சு," என்றார் சர் ஹ்யூ வருத்தத்தோடு. "நாங்களே நேர்ல அனுபவிச்சோம்."

கூட்டம் முடிந்து எல்லோரும் டீயை நோக்கி நகர்ந்தபோது ஜேடன் எழுந்து, தட்டைக் கையில் பிடித்தபடியே, நெவிலிடம் வந்தார். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"சார், அன்னிக்கு நான்..."

டாமினிக் எங்கிருந்தோ பாய்ந்து இருவருக்கும் நடுவே வந்து நின்றார். "வேணாம், வேணாம். விசாரணை முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பேசவே கூடாது. சுதந்திரம் போயிடும்."

"ஒரு வார்த்ததான்," என்றார் ஜேடன்.

"அந்த ஒரு வார்த்தையே தப்பா போயிடும்."

டாமினிக்கின் தோளுக்கு மேலாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஜேடன் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனார். நெவில் அவர் விட்டுப்போன லாமிங்டனைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரணை முடிந்த பிறகு பேசலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மெரியானா போன் செய்தாள். "நெவ், என்னை வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க. புகார்தாரர்களோட நெருக்கமாயிட்டேன்னு குரல் பதிவுகளக் கேட்டவங்க சொல்றாங்க. ருபார்ப் பத்தி நான் அளவுக்கு மீறி கேட்டிருக்கேனாம்."

"நான் வேணா அவங்களுக்கு எழுதவாம்மா? நீ எதுவும் தப்பா கேக்கலன்னு?"

"எழுதினா அது இன்னொரு புகாராயிடும் நெவ்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இஞ்சி போட்டு செஞ்சு பாத்தேன். நல்லா இருந்துச்சு."

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் நெவில் சவரம் செய்துகொண்டார். போன் வந்தது. ஆணையத்தின் சேவை உங்களுக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது, ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு எண்ணை அழுத்துங்கள் என்றது ஒரு குரல். நெவில் அந்தக் குரலிடம் வணக்கம் சொன்னார். மன்னிக்கவும், புரியவில்லை என்றது அது. அவர் ஐந்தை அழுத்தினார்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் தீர்ப்பு வந்தது. பயன்படுத்தப்பட்ட பலம் விரும்பத்தக்கது அல்ல, ஆனால் நியாயமற்றதும் அல்ல. கான்ஸ்டபிள் நல்ல எண்ணத்துடன் நடந்துகொண்டார். புகார்தாரரும் நல்ல எண்ணத்துடன்தான் இருந்தார் என்பதை ஆணையம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. எதிர்த்தார் என்ற சொல் போலீசின் சொத்து, அதை நீக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. எனினும் புகார்தாரரின் உணர்வுகளை மதித்து, அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறது.

போலீஸ் தலைமை அந்தப் பரிந்துரையை முழுமனதுடன் ஏற்றுக்கொண்டது. ஆணையத்தின் பரிந்துரை ஏற்கப்படுவது அபூர்வம் என்பதால் சர் ஹ்யூவுக்கும் காவல்துறைத் தலைவருக்கும் நடுவே ஒரு கைகுலுக்கல், புகைப்படம், எல்லாம் நடந்தன. நெவில் பெயருக்கு எதிரே இப்போது இப்படி இருந்தது: மரியாதையுடன் எதிர்த்தார்.

நெவில் இன்வர்கார்கிலில் உள்ள உரிம அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையை நெடுநேரம் பார்த்தாள். நல்ல மாதிரியான பெண்.

"எதிர்த்தாரா இல்லையான்னுதான் இதுல கேக்குதுங்க. மரியாதையா எதிர்த்தா என்ன பண்றதுன்னு எங்கயும் போடல."

"நான் எதிர்க்கவே இல்லம்மா."

"நீங்க சொல்றத நான் நம்பறேங்க," என்றாள் அவள். இத்தனை நாளில் முதன்முறையாக ஒருவர் அதைச் சொல்லியிருந்தார். நெவில் கண்ணாடியில் இடது கையை ஊன்றிக்கொண்டார். "ஆனா நான் நம்பறத போடறதுக்கு இதுல இடம் இல்லையே. வேற யாராவது எடுத்துச் சொல்ல முடியுமான்னு பாருங்க. இந்த சுதந்திர ஆணையம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

மாற்று ஓட்டுநர் நிரந்தர ஓட்டுநரானார்.

தீர்ப்பில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பரிந்துரை இருந்தது. அது ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் வண்ணப் படத்தோடு வந்து விழுந்தது. பத்து விரலும் சக்கரத்தில், பத்திரமாய் வீட்டுக்கு! ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைத் தூக்குவது பணியில் உள்ள அதிகாரிகளால் மிரட்டலாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கீழே விளக்கியிருந்தார்கள். நாங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நெவிலின் தோளையும் பார்த்திருந்தோம். முதலில் பால் லாரிக்காரர் நிறுத்தினார். பிறகு தேவாலயப் பெண்மணிகள். டிராக்டர் கிழவர் சில வாரம் முரண்டு பிடித்தார், பிறகு அவரும் இரண்டு கையாலும் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி போனார். சாலையில் வண்டிகள் சந்தித்துக்கொண்டன, விலகிக்கொண்டன. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கமும் மெல்ல விட்டுப்போயிற்று.

ஒரு நாள் ஷெரில் கடை வாசலில் பிப்பா நெவிலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பல் விழுந்திருந்தது.

"நெவ் மாமா, புது ஆளு பஸ்ல பேசக் கூடாதுங்கறாரு. நீங்க எப்ப வருவீங்க?"

"என் பேர சரி பண்ணிட்டிருக்காங்கடா செல்லம்."

"நெவ்னு தான பேரு? அதுல என்ன தப்பு?"

அவளுடைய அம்மா காரிலிருந்து கூப்பிட்டாள். பிப்பா ஓடினாள். கார் கிளம்பியபோது பின்கண்ணாடியில் ஒரு சின்ன விரல் எழுந்தது. அம்மாவின் கை பின்னால் வந்து அதை இறக்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நெவில் பிக்கப்பில் போய்க்கொண்டிருந்தார். எங்கே என்று அவருக்கே தெரியாது. சனிக்கிழமைகளில் வண்டியை எடுப்பது பழக்கம். பெல்ட் போட்டிருந்தார், பத்து விரலும் சக்கரத்தில் இருந்தன. சம்பவ இடத்தைத் தாண்டும்போது எதிரே போலீஸ் கார் வந்தது.

ஜேடன்தான். முகம் வெளிறி, கன்னம் ஒட்டி, அந்த நீண்ட சாலையில் அவரும் எங்கே போகிறார் என்று தெரியாதவர் போல ஓட்டிக்கொண்டு வந்தார். போலீஸ் குடியிருப்புக்குத் தபால் பெட்டி கிடையாது. அதனால் வண்ணப் பிரசுரம் அவருக்குப் போய்ச் சேரவில்லையோ, அல்லது சேர்ந்தும் படிக்கவில்லையோ, எங்களுக்குத் தெரியாது. இரண்டு வண்டிகளும் நெருங்கின. ஜேடனின் கை எழவில்லை, தலை அசையவில்லை, முகம்கூட மாறவில்லை. ஸ்டியரிங்கின் உச்சியிலிருந்து ஆட்காட்டி விரல் மட்டும் எழுந்தது.

அச்சு அசலாக எங்கள் ஊர்க்காரரைப் போலவே எழுந்தது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார், தூக்குகிறவர்கள் யாரும் மிச்சமில்லாத சாலையில் அவர் எவ்வளவு நாளாக இப்படித் தூக்கிக்கொண்டு போகிறார் என்பது நெவிலுக்குத் தெரியவில்லை.

நெவில் தன் வலது கை விரலுக்குச் சொன்னார். அது தாமதமாகத்தான் கேட்கும். எழுந்தபோது எதிரே சாலையும் மேகமும் மட்டும் இருந்தன. போலீஸ் கார் தாண்டிப் போய்விட்டிருந்தது.

விரலை இறக்காமல் அவர் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார். கார் சிறிதாகிக்கொண்டே போயிற்று. அது திரும்பும், நீல விளக்கு எரியும் என்று பார்த்தார். எரிந்தால் ஓரமாக நிறுத்தலாம், முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்கலாம், விசாரணைதான் முடிந்துவிட்டதே. எரியவில்லை. அடுத்த வளைவு வரும்வரை பார்த்துக்கொண்டே போனார்.